மூன்று மேசைக்கும் ஒரே புருஷன்

எனக்கு வயது எண்பத்திரண்டு. வளர்த்தது ஏழு பேரை. அதில் ஐந்து நான் பெற்றது, இரண்டு கொழுந்தனார் விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரில் ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை, ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. எழுத்து எனக்குச் சுமார்தான். இந்த நோட்டை நிரப்ப ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை. அவசரமாக எழுதுகிறவர்கள் ஆபீசில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் நடுவில், நாங்கள் பம்பாய் தாராவியில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்தது. முதலில் பீடி என்றார்கள். பீடியை விட்டார். பிறகு பட்டறைத் தூசி என்றார்கள். பிறகு என் சமையல் என்றார்கள். சொன்னது என் நாத்தனார். அவள் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் அவர் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. அதோடு எல்லோரும் காரணம் சொல்வதை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினார்கள்.

அந்தச் சீக்குக்கு அப்போது மருந்து வந்துவிட்டது. நாள் தவறாமல் ஊசி, வாயில் வைக்க முடியாத கசப்பில் மாத்திரை, நல்ல சாப்பாடு. விட்டு விட்டு ஊசி போட்டால் சீக்கு ஊசிக்கே பழகிவிடும், பிறகு ஆளைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆக, மருந்து இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் எங்களுக்குச் சோம்பல் வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, பிரித்து வைத்திருந்தார்கள். ஊசி தாராவியில். எக்ஸ்ரே செம்பூரில். பால்பவுடரும் முட்டையும் மாட்டுங்காவில், ஒரு மாதர் சங்கத்தில். அவர் கை தாராவிக்குச் சேர்ந்தது, நெஞ்சு செம்பூருக்குச் சேர்ந்தது, வயிறு மாட்டுங்காவுக்குச் சேர்ந்தது. மூன்று இடத்துக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி இருந்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்தது என் துணிப்பை. அதில் மூன்று அட்டை, ஒரு எக்ஸ்ரே படம், ஒரு காலி பால்பவுடர் டப்பா. எக்ஸ்ரே படம் பைக்குள் அடங்காது. மழை நாளில் மெழுகுத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு தடவை ஒருவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார். செம்பூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அணுசக்திக்காரர்களின் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். உள்ளே கண்ணாடி போட்டவர்கள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அணுவையே உடைக்கிறார்களாம். மூன்று காகிதத்தைச் சேர்க்க ஆள் இல்லாத ஊரில் உடைப்பதற்கு எத்தனை ஆள் பாருங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும். என் மூத்த பேத்தி அவள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் பாதிப் பெயரை. அவனும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டுதான் வருகிறான். இருக்கட்டும். என் நிலைமை வேறு. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த ஆயுள் அது. அதில் என் பங்குக்கு நானும் இரண்டு வருஷத்தைப் பிடுங்குவானேன்?

ஊசி இடத்தில் பெயர் கேட்டவர் கம்பவுண்டர் பாய். எங்கள் ஜில்லாக்காரர், எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ள பேரு என்ன?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, வுடு. நாம எல்லாரும் கூப்பிடுத பேரையே போட்டுக்கிடுதேன்" என்று எழுதிக்கொண்டார். எங்கள் சந்தில் எல்லோரும் என் வீட்டுக்காரரை அவருடைய சொந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆக, முதல் அட்டையில் ஓர் ஊர் ஏறி உட்கார்ந்தது.

செம்பூரில் கேட்ட குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது இந்தி அரைகுறை. பேச்சு எதற்கு என்று பட்டறைப் பாஸை எடுத்து நீட்டினேன். என் வீட்டுக்காரர் குர்லாவில் ஓர் இரும்புப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்த வேலை இல்லை. ஊருக்குப் போன ஒரு சிநேகிதன் திரும்பி வரும்வரை அவன் வேலை போய்விடாமல் இருக்க, அவன் பாஸை வைத்துக்கொண்டு இவர் போனார். பம்பாயில் இதற்கு பத்லி என்று பெயர். பாதிப் பட்டறைகள் அப்படித்தான் ஓடின. பாஸில் இருந்தது சிநேகிதனின் பெயர். எனக்குப் படிக்கத் தெரியாது. குமாஸ்தாவுக்குப் படிக்க நன்றாகத் தெரியும். அதனால் தப்பில்லாமல் அதையே எழுதிவிட்டார்.

மாட்டுங்காவில் கஞ்சி போட்ட புடவை கட்டின ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாக வந்து யார் வீட்டில் என்ன குறை என்று எழுதிக்கொண்டு போவது அவர் வேலை.

"ஆத்துக்காரர் பேர் என்னம்மா? ஓ, சொல்லப்படாதோ? எங்காத்துப் பாட்டியும் இப்படித்தான். சரி, எந்த ஸ்வாமி பேருன்னாவது காட்டு."

சுவரில் காலண்டர் தொங்கியது. சாமியைக் காட்டினேன். அந்தச் சாமிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர், மாட்டுங்காவில் வேறு பெயர். அந்த அம்மாள் அவர்கள் பக்கத்துப் பெயரை நீளமாக, அழகாக எழுதினார். என் வீட்டுக்காரர் ஒரே நாளில் பெரிய மனுஷர் ஆனார்.

ரேஷன் கார்டைக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். கார்டு அவர் அண்ணன் பெயரில் இருந்தது. அண்ணன் ஆண்டாப் ஹில்லுக்குக் குடி போனபோது கார்டும் கூடவே குடி போய்விட்டது.

அட்டையில் பெயர் மாறியிருப்பது ஊசி இடத்தில் கூப்பிட்டபோதே என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஊசிய என் கையிலதான குத்துதாரு. அட்டையிலயா குத்துதாரு?" என்றார். எந்த இடத்தில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் இருமிக்கொண்டே எழுந்து போனார். மூன்று இடத்துக்கும் ஒன்றையொன்று தெரியாது. அதனால்தான் மூன்றும் ஒழுங்காக நடந்தன. ஏழு மாதம் ஊசி ஒரு நாள் தவறவில்லை.

அந்த நேரத்தில்தான் மேலே இருந்தவர்களுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்தது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்று வட்டாரத்துக்கும் சேர்த்து மருந்து, சோதனை, உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று திட்டம் போட்டார்கள். சயான் பக்கம் ஒரு கட்டடத்துக்கு வெள்ளை அடித்து, மாலை கட்டி, பந்தல் போட்டுத் திறந்தார்கள். திட்டத்துக்குப் பெரியவராக வந்த சாஹேப் இங்கிலீஷில் பேசினார். மாட்டுங்கா அம்மாள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்: "இனிமே நோயாளி அலைய வேண்டாம். காகிதம்தான் அலையும்." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். நன்றாகத்தான் இருந்தது கேட்க.

உள்ளே ஒரு அறை. அறையில் மூன்று மேசை. ஊசி மேசையில் கம்பவுண்டர் பாய், எக்ஸ்ரே மேசையில் செம்பூர் குமாஸ்தா, பால் மேசையில் மாட்டுங்கா அம்மாள். ஊசி மேசை தினமும். எக்ஸ்ரே மேசை செவ்வாயும் சனியும். பால் மேசை வியாழனும் சனியும். முன்பு மூன்று இடத்தில் மூன்று வரிசையில் நின்றோம். இப்போது ஒரே இடத்தில் மூன்று வரிசையில் நின்றோம். தாராவிக்காரர்கள் வாசலில் இறங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஊசிக்கு இப்போது இருமிக்கொண்டே சயான் வரை நடந்தார்கள். நடந்தால் நெஞ்சு பலப்படும் என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அந்த மாதம் அவருக்கு மறுபடி ரத்தம் வந்தது. வீட்டில் வைத்துப் பார்ப்பது போதாது, கடலோரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கட்டில் கிடைப்பது அப்போது லேசு இல்லை. எங்களுக்கு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து இரண்டாவது சனிக்கிழமை மதியம் வரை வைத்திருப்பார்கள். அதற்குள் மூன்று மேசையின் காகிதமும் ஒரே கோப்பாகக் கட்டி, சாஹேப் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆளும் இருமிக்கொண்டுதான் இருந்திருப்பான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்குப் புருஷன் ஒன்றுதான் இருந்தது.

ஆபீசில் அப்படி நினைக்கவில்லை. ஒரு விலாசத்துக்கு ஒரு கோப்பு என்று பியூன் மூன்று அட்டையையும் ஒரே நாடாவில் கட்டி வைத்தபோது, எங்கள் விலாசத்தில் மூன்று ஆம்பிளைகள் இருந்தார்கள்.

முதல் சனிக்கிழமை மூன்று மேசையும் உட்கார்ந்திருந்தது. சாஹேப் அட்டைகளைப் பரப்பிப் பார்த்தார். ஊர்ப் பெயர்க்காரன் ஏழு மாதம் ஊசி போட்டிருக்கிறான், ஆனால் ஒரு எக்ஸ்ரேகூட இல்லை. சீக்கு இருப்பதற்கே அத்தாட்சி இல்லாதவனுக்கு ஊசி எதற்கு? நிறுத்து. பட்டறைப் பெயர்க்காரனுக்கு நெஞ்சில் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒரு ஊசிகூடப் போடவில்லை. சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவனுக்குக் கட்டில் எதற்கு? பெயரை அடி. சாமி பெயர்க்காரனுக்கு ஊசியும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை; பாலும் முட்டையும் மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறான். சாஹேப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

செம்பூர் குமாஸ்தா இந்தியில் கேட்டார், வீட்டில் மூன்று ஆள் இருக்கிறார்களா என்று.

"ஏக் ஹீ ஹை" என்றேன். ஒன்றுதான். "மூணு பேர் வேலையப் பாத்தாரு. இப்ப ஒரு ஆள் வேலைக்கும் ஆவல."

பின்பாதி தமிழில் வந்துவிட்டது. கம்பவுண்டர் பாய் மட்டும் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

மூன்று பேருக்கும் அது ஒரே ஆள் என்று தெரியும். மூன்று பேரும் அவரைப் பார்த்தவர்கள். அந்த நேரம் அவரே வெளியே பெஞ்சில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அம்மாள் மொழிபெயர்த்தார். சாஹேப் பொறுமையாக விளக்கினார்: ஆள் யார் என்பதே சந்தேகத்தில் இருக்கும்போது அந்த ஆள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? மூன்று இடத்திலும் பதிந்தது நான். அதனால் நான்தான் மூன்று மேசைக்கு முன்னாலும் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். கம்பவுண்டர் பாய் ஏதோ சொல்ல வாய் திறந்தார். சாஹேப் கையைத் தூக்கினார். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாதாம்.

நான் நின்றேன். அறை முழுக்க என் வாயைப் பார்த்தது. சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். பெயர் தொண்டை வரை வந்தது. வெளியே அவர் இருமினார். பெயர் திரும்ப இறங்கிவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை" என்றார் சாஹேப். கட்டிலுக்கும் அதே சனிக்கிழமைதான் கெடு.

வீட்டுக்கு வந்து உலையை வைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

"நான் சொல்லி, ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"சொல்லாட்டாலும் ஒண்ணு ஆவத்தான போவுது."

"ஆவட்டும். எங்கிட்ட இருந்து ஆவ வேண்டாம்."

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், அதனால் பாதியில் நிறுத்தினார். "சாவப் போறவனுக்கு வாய்ச்சவளப் பாரு" என்றார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கம்பவுண்டர் பாய் துணியில் ஒரு டப்பாவை மறைத்துக்கொண்டு வந்தார். என் அடுப்பிலேயே ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்டார். "நான் இங்க வரவே இல்ல, கேட்டியா தங்கச்சி. தெரிஞ்சா என் வேலை போயிரும்." அந்த வாரம் முழுக்க அவர் தினமும் வராமல் இருந்தார். மேசையின் அந்தப் பக்கம் எழுத முடியாததை இந்தப் பக்கம் வந்து செய்துவிட்டுப் போனார். மூன்று வட்டாரமும் சேர்ந்து எனக்குச் செய்ததில் அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது யோசித்தேன். என் அம்மா சொன்னது வாயால் சொல்லக் கூடாது என்று. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எழுத வரும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. நல்லவேளை.

அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், பட்டறைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கடையில் கையெழுத்துப் போட்டுப் பழகியது. கரித்துண்டை எடுத்து நீட்டினேன். தரையில் எழுதினார். நாலு எழுத்து, கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. ஏழு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பெயரை நான் அதுவரை பார்த்தது கிடையாது. இவ்வளவுதானா என்று இருந்தது.

"இந்த சுழியக் கொஞ்சம் உள்ள வளை. ஏட்டி, அது பேரா, மண்புழுவா?"

"ஒங்க பேரு, நீங்கதான் சொல்லணும்."

சோறு வடிக்கிற நேரம், பிள்ளைகள் தூங்குகிற நேரம், குழாயடியில் குடம் நிரம்புகிற நேரம் எல்லாம் எழுதினேன். குழாயடியில் ஈரத் தரையில் விரலால் எழுதுவேன், வரிசையில் அடுத்தவள் பார்ப்பதற்குள் காலால் அழிப்பேன். வெள்ளிக்கிழமை அவர் பார்த்துவிட்டு, "எங்கையெழுத்த விட நல்லாருக்கு" என்றார். பொய். ஆனால் அவர் அடிக்கடி பொய் சொல்கிறவர் இல்லை என்பதால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று மேசைக்கு முன்னால் போய் நின்று, ஒரு காகிதமும் பேனாவும் கேட்டேன். மாட்டுங்கா அம்மாள் புருவத்தைத் தூக்கினார்.

"உனக்கு எழுத வருமா?"

"இன்னைக்கு வரும்."

பேனா எனக்குப் புதுசு. கரியைப் போல அழுத்திவிட்டேன். முதல் மூன்று எழுத்து நன்றாக வந்தது. நாலாவது கொஞ்சம் சாய்ந்தது. கடைசியில் புள்ளி வைக்கும்போது நிப்பு காகிதத்தைத் துளைத்து மேசை வரை போய்விட்டது. அந்த ஓட்டையைச் சுற்றி மை ஊறியது. காகிதத்தை சாஹேப் பக்கம் தள்ளினேன்.

சாஹேப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவ்வளவு படித்தும் எனக்குத் தெரிந்த நாலு எழுத்து தெரியாத மனுஷர். நான் அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்க வேண்டும். அம்மாளிடம் கொடுத்து, வாசியுங்கள் என்றார்.

அம்மாள் எழுந்து நின்று, என் வீட்டுக்காரரின் பெயரைச் சத்தமாக வாசித்தார். வெளியே பெஞ்சில் இருந்து அவர், "வந்தேன்" என்று குரல் கொடுத்தார். முதல் தடவையாக அந்த ஆபீசில் சரியான பெயருக்குச் சரியான ஆள் எழுந்தது.

சாஹேப் மூன்று அட்டையின் மேலும் அந்தக் காகிதத்தை வைத்து குண்டூசி குத்தி, கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு அடிப்பதற்குள் கம்பவுண்டர் பாய் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். காகிதம்தான் அலையும் என்று சொன்னார்களே, அன்றைக்கு ஒரு நாள் அது அலைந்தது.

ஒன்பது மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வந்ததும் என் குழம்பில் உப்புக் குறை சொன்னார். அப்போதே ஆள் தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

திட்டத்துக்கு ஆண்டு விழா வந்தபோது எங்கள் இருவரையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாஹேப் அறிக்கை வாசித்தார். சேவைகளை ஒன்றாகச் சேர்த்ததன் பலனாக தாராவியில் ஒரே வீட்டில் மூன்று நோயாளிகள் குணமடைந்தார்கள் என்று அம்மாள் தமிழில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். "இன்னும் ரெண்டு பேரு எங்கட்டி?" என்று என் காதில் கேட்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். போனதும் நெஞ்சால் இல்லை, சர்க்கரையால். அப்போதும் ஒரு மேசையில் பெயர் கேட்டார்கள். மூத்த மகன் சொன்னான். நான் சொன்னதில்லை, இன்று வரை. மிச்ச எழுத்துகளைக் கடைப் பலகைகளில் படித்தேன். அவருடைய நாலில் ஏதாவது ஒன்று எந்தப் பலகையில் இருக்கிறது என்று தேடித் தேடி, நடுவில் இருந்த மற்றவையும் பழகிவிட்டன. இந்த நோட்டில் இருப்பது அந்தப் படிப்புதான். புள்ளி வைக்கும்போது கை இன்னும் அழுத்துகிறது. பின்பக்கம் தடவிப் பார்த்தால் தெரியும்.

ஏட்டி, அந்தப் போனைக் கீழ வையி. இங்க வந்து உக்காரு. ஒனக்குத் தமிழ் தடவித் தடவித்தான் வரும், தெரியும். பரவாயில்ல, எனக்கும் அப்பிடித்தான் வந்துச்சு. மொதல்ல இருந்து சத்தமா வாசி, எங்க தப்பு இருக்குன்னு பாப்போம். தாத்தா பேர எங்கயும் காணோமேன்னு நடுவுல நிறுத்தாத. வாசி.